வென்டெலினின் ட்யூபாவை மாற்றியது யார்?

கிட்ட வாருங்கள், தங்கங்களா. அந்த ஓரத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இவருக்கும் இடம் விடுங்கள். இன்றைக்கு ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, பயப்பட வேண்டாம். மாறிப்போனது ஒரு ட்யூபா. ஊதுகிற ஆளின் முகத்தையே மறைத்துவிடும் பெரிய பித்தளை வாத்தியம் இருக்கிறதே, அதுதான். அதிலும் எஃப் ட்யூபா, அந்தக் குடும்பத்தில் இளையவன். கடைசிவரை கேளுங்கள். மாற்றிய ஆள் நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை.

ஹின்டர்மோஸ் கிராமத்தில் கிரெஸென்ஸ் வீட்டுச் சமையலறை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒட்டீலியா. இசைக்கருவிகளுக்குக் காப்பீடு கொடுக்கும் நிறுவனத்தில் நெடுங்காலம் விலை மதிப்பிட்டுவிட்டு, இப்போது தனியாகத் துப்புத் துலக்குகிறவள். பக்கத்தில் அவள் உதவியாளன் கோர்பினியன். ராணுவ பாண்டில் ட்யூபா ஊதியவன், உடம்பும் ட்யூபா வாட்டம்தான். எதிரே கிரெஸென்ஸ், கணவன் வென்டெலினைப் பறிகொடுத்தவள். ஊரில் அவளை ஸென்ஸி என்பார்கள்.

"ஈஸ்டருக்கு முன்னாடி அவர் போயிட்டார்," என்றாள் ஸென்ஸி, பால் வண்டி தாமதமாக வந்ததைச் சொல்வது போல. "அப்ப ட்யூபா, வாத்தியம் பழுது பார்க்கற வால்ட்ராவுட் பட்டறையில சுத்தம் பண்ணக் கிடந்துச்சு. அப்புறம் வந்து சேர்ந்துச்சு. நற்கருணை ஊர்வலத்துக்கு பாண்டுக்காரங்க எடுத்துட்டுப் போய் ஊதினாங்க. கன்னுக்குட்டி கத்துற மாதிரி இருந்துச்சு. செபால்ட் நடுரோட்டுலயே வாசிப்பை நிறுத்திட்டான்."

"பாதிரியார் ஒண்ணும் சொல்லலியா?" என்றான் கோர்பினியன்.

"அவர் பாட்டுக்கு முன்னால போயிட்டே இருந்தார். காது மந்தம்."

"கொடுத்து வச்சவர்."

ஸென்ஸி சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. ரொட்டியை வெட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

"வென்டெலின் ஊதினா அது கோயில் ஆர்கன் மாதிரி இருக்கும். வாத்தியம் செய்யற மாஸ்டர் ஒருத்தர் கையால செஞ்ச ட்யூபா, அவங்க அப்பா காலத்துது. அகன்ற வாயோட விளிம்புப் பட்டையில மாஸ்டர் பேர் வெட்டியிருக்கும். இப்ப வந்திருக்கறதுலயும் அதே பட்டை இருக்கு. ஆனா அது வேற ட்யூபா. வால்ட்ராவுட் மாத்திட்டாள்னு செபால்ட் சொல்றான்."

"செபால்ட் யாரு?"

"பாண்டு மாஸ்டர். பாலாடைக்கட்டிப் பண்ணை வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பாண்டு கூட்டம். எல்லார் முன்னாடியும் அவ பேரைச் சொல்லப்போறான். நான் சரின்னா போலீசுக்கும் போவான். இந்தப் பள்ளத்தாக்குல இருக்கற அத்தனை பாண்டும் பழுது பார்க்க அவகிட்டத்தான் போகுது. பேர் கெட்டுச்சுன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்."

"நீங்க சரின்னு சொல்லப்போறீங்களா?"

ஸென்ஸி கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள்.

"அவ மேல எனக்குக் கோபம் வரணும். வரலை. பல் டாக்டர் ஊசி போட்டா கன்னம் மரத்துப்போகும் பாருங்க, கடிச்சாலும் தெரியாது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கு. மாத்தியிருந்தா அவ பட்டறை போகட்டும். மாத்தலேன்னா போகக்கூடாது. எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கா ஒண்ணும் தோணமாட்டேங்குது."

டிராக்டர் கொட்டகையில் ட்யூபா ஒரு வைக்கோல் கட்டின் மேல் படுத்திருந்தது. ஒட்டீலியா சுவரில் தொங்கிய காதடைப்பானை எடுத்தாள். மரம் அறுக்கும்போது போட்டுக்கொள்வார்களே, ஆரஞ்சு நிறத்தில், அது.

"மாட்டிக்கோ."

"முதலாளியம்மா, நான் ஊதறது உங்களுக்குத்தான் கொடுமை. காதை மூட வேண்டியது நீங்க."

"உன் காது கேட்டா உன் உதடு திருத்திடும், கோர்பி. நல்ல வாசிப்புக்காரன் கையில கெட்ட வாத்தியம்கூட ஒழுங்கா நடந்துக்கும். எனக்கு உன் திறமை வேண்டாம். ட்யூபா என்ன சொல்லுதோ அது மட்டும் போதும்."

"திறமை வேண்டாம்னா சம்பளம் எதுக்குன்னு கேட்கலை," என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டான்.

அவன் ஊத, ஒட்டீலியா சுருதிக் கருவியின் முள்ளைப் பார்த்தாள். நடுவில் உள்ள சுரங்கள் பெரிதாகத் தப்பு செய்யவில்லை. ஸி என்கிற சுரத்தில் கீழ் ஸி வந்ததும் முள் இடது பக்கம் தொங்கிவிட்டது, சுருதி குறைவு. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் ஸி வந்ததும் வலது பக்கம் துள்ளியது, சுருதி அதிகம். மறுபடியும் ஊதச் சொன்னாள். அதே தொங்கல், அதே துள்ளல். சுற்றி நடந்துவிட்டு வரச் சொல்லி ஊத வைத்தாள். மாற்றமில்லை.

"ரெண்டு ஸி-யும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசிக்காத அண்ணன் தம்பி மாதிரி," என்றான் கோர்பினியன், காதடைப்பானைக் கழற்றியபடி. "தகடு மெல்லிசு. மூட்டு எல்லாம் இயந்திரத்துல அடிச்சது. கப்பல்ல பெட்டி பெட்டியா வருமே, பேரில்லாத மலிவுச் சரக்கு. ஒரு மின்சார மிதிவண்டி விலை. மாஸ்டர் செஞ்சதுன்னா கார் விலை. பட்டை மட்டும் அசல். யாரோ கழட்டி இதுல ஈயம் உருக்கிப் பத்த வச்சிருக்காங்க. பத்த வச்சது எவ்வளவு சுத்தம் பாருங்க, கைதேர்ந்த கை. இந்தப் பள்ளத்தாக்குல அப்படி ஒரு கைதான் இருக்கு. வழக்கு முடிஞ்சது. சாப்பிடப் போகலாம்."

ஒட்டீலியா ட்யூபாவின் இடது பக்கத்தைத் தடவினாள். இடது கை அணைத்துப் பிடிக்கும் இடத்தில் மெருகு தேய்ந்து, பித்தளை வழுவழுவென்று வெளியே தெரிந்தது.

"கோர்பி, மலிவு ட்யூபா வாங்கறவன் என்ன பண்ணுவான்?"

"கொஞ்ச நாள் ஊதிப் பார்ப்பான். திட்டுவான். மச்சான் தலையில கட்டுவான்."

"இதை ஒருத்தர் வருஷக்கணக்கா கட்டிப்பிடிச்சிருக்கார். சுருதி சேராத ஒண்ணை அவ்வளவு காலம் யார் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க?"

"கல்யாணம் ஆனவங்க எல்லாருமே," என்றான் அவன்.

வால்ட்ராவுட்டின் பட்டறை தேவாலயத்துக்குப் பின்னால். அறுபதை நெருங்கும் பெண், தோல் ஏப்ரன், முழங்கை வரை எண்ணெய்க் கருப்பு. ஒரு கொம்பின் குழாய்க்குள் இரும்புக் குண்டைவிட்டு உருட்டி, நசுங்கிய பள்ளத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"நான் மாத்தலை," என்றாள். "வந்ததைச் சுத்தம் பண்ணினேன், வந்ததையே திருப்பிக் கொடுத்தேன்."

"பட்டையைப் பத்த வச்சது நீங்கதானே?"

குண்டு உருளுவது நின்றது.

"ஆமா."

"எப்போ?"

"சொல்ல மாட்டேன்."

"ஏம்மா, இப்படிப் பேசினா உங்களைக் கூண்டுல ஏத்த செபால்ட்டே தேவையில்லையே," என்றான் கோர்பினியன். "நீங்களே நடந்து போய் ஏறிக்கலாம்."

"ஏறிக்கிறேன். உனக்கென்ன வந்துச்சு?"

"ஸென்ஸி வந்து கேட்டா?" என்றாள் ஒட்டீலியா.

"அவ கேட்டா கண்டிப்பா சொல்ல மாட்டேன்."

ஒட்டீலியா அந்தப் பதிலை மனதுக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். மற்றவர்களுக்குச் சொல்லாத ரகசியம் வேறு. ஸென்ஸிக்கு மட்டும் கட்டாயம் சொல்லக்கூடாத ரகசியம் வேறு.

"சரி, இதையாவது சொல்லுங்க. வென்டெலின் வேற யாருடைய ட்யூபாவையாவது ஊதியிருக்காரா?"

வால்ட்ராவுட் இதில் ஆபத்து எதையும் காணவில்லை. மூலையைத் தலையால் காட்டினாள். "போன அறுவடைப் பூசைக்கு. அவர் ட்யூபாவுல வால்வு கம்பி ஒடிஞ்சு இங்க வந்துருச்சு. அதோ என்னோடதை அன்னைக்குக் காலையில கொடுத்தனுப்பினேன். ஒத்திகை பார்க்கக்கூட நேரமில்லை."

ஒட்டீலியா காதடைப்பானை நீட்டினாள். கோர்பினியன் பெருமூச்சு விட்டு மாட்டிக்கொண்டு, மூலையில் இருந்த ட்யூபாவை எடுத்து ஊதினான். கீழ் ஸி-க்கும் முள் நேராக நின்றது, மேல் ஸி-க்கும் நேராக நின்றது.

"யோக்கியமான ட்யூபா," என்றாள் ஒட்டீலியா. "அறுவடைப் பூசையை யாராவது பதிவு பண்ணினாங்களா?"

"செபால்ட் எல்லாத்தையும் பதிவு பண்ணுவான். தன் கை அசையறதைத் தானே பார்க்கணும் அவனுக்கு."

செபால்ட் பாலாடைக்கட்டி நிலவறையில் இருந்தான். சக்கரம் சக்கரமாக அடுக்கிய கட்டிகளை உப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"துப்பறிய இதுல என்னங்க இருக்கு?" என்றான். "இத்தனை வருஷமா என் பாண்டுக்கு அஸ்திவாரமே அந்த ட்யூபாதான். புதுசா சேர்றவங்களை எல்லாம் நிக்க வச்சுச் சொல்லுவேன், கேளுங்கடா, மாஸ்டர் செஞ்ச வாத்தியம்னா இதுதான்னு. இன்னைக்கு அது கன்னுக்குட்டி. நடுவுல ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிட்டு வந்துச்சு. கணக்கு சரியா இருக்கா இல்லையா?"

"கணக்கு சரிதான். அறுவடைப் பூசையில வென்டெலின் எப்படி ஊதினார்?"

செபால்ட் முகம் சுளித்தான். "அதை ஏன் கேட்கறீங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் சொதப்பினார். இரவல் ட்யூபா. அது வால்ட்ராவுட்டோடதுதான், அதுலயே தெரியலையா அவ வைக்கிற சரக்கு?"

"போட்டுக் காட்டுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு செல்போனில் ட்யூபா தனியாக வரும் இடத்தைத் தேடி எடுத்தான். நிலவறைக்குள் ட்யூபா எதிரொலித்தது. ஒட்டீலியா சுருதிக் கருவியைச் செல்போன் பக்கத்தில் பிடித்தாள். ஒரு மெட்டு முடிவதற்குள் கோர்பினியனும் குனிந்து முள்ளைப் பார்க்க ஆரம்பித்தான்.

கீழ் ஸி வந்தபோது முள் வலது பக்கம் துள்ளியது. மேல் ஸி வந்தபோது இடது பக்கம் தொங்கியது.

"தலைகீழ்," என்றான் கோர்பினியன் மெதுவாக. "கொட்டகையில பார்த்ததுக்கு அப்படியே தலைகீழ்."

"என்ன தலைகீழ்?" என்றான் செபால்ட்.

"செபால்ட், மேல் மலைச் சரிவுல புல் அறுக்கறவங்க சமதரைக்கு வந்தா எப்படி நடப்பாங்க?" என்றாள் ஒட்டீலியா.

"கொஞ்சம் சாஞ்சு."

"ஏன்?"

"சரிவுக்கே பழகின காலு."

"இது தொங்கற ஸி-க்கே பழகின உதடு. அந்த மலிவு ட்யூபாவுல கீழ் ஸி தொங்கும். வென்டெலின் உதட்டை இறுக்கித் தூக்குவார், உங்களுக்கு நேரா கேட்கும். மேல் ஸி துள்ளும். தளர்த்தி இறக்குவார், அதுவும் நேரா கேட்கும். வருஷக்கணக்கா பண்ணினதால அவர் நினைக்காமலேயே உதடு பண்ணிடும். அன்னைக்குக் காலையில ஒத்திகை இல்லாம யோக்கியமான ட்யூபாவைக் கையில கொடுத்தாங்க. தூக்கத் தேவையில்லாததைத் தூக்கினார், இறக்கத் தேவையில்லாததை இறக்கினார். சொதப்பினது ட்யூபா இல்லை. ஈஸ்டருக்கு அப்புறம் யாரும் எதையும் மாத்தலை. நீங்க மாஸ்டர் வாத்தியம்னு காட்டினது ஒரு மிதிவண்டி விலை ட்யூபாவை. மாஸ்டர் அதுக்குப் பின்னால உட்கார்ந்திருந்தார்."

செபால்ட் துடைத்த கட்டியையே மறுபடியும் துடைத்தான்.

"புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் சொன்னேனே," என்றான் கடைசியில்.

"சொன்னது தப்பில்லை," என்றான் கோர்பினியன். "விரலை மட்டும் கொஞ்சம் தள்ளி நீட்டியிருக்கணும்."

அப்படியானால் அசல் ட்யூபா எங்கே? அதுதானே உங்கள் கேள்வி. ஒட்டீலியாவும் அதே கேள்வியோடு பட்டறைக்குத் திரும்பினாள். கண்டுபிடித்ததை வால்ட்ராவுட்டிடம் அப்படியே சொன்னாள். வால்ட்ராவுட் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பாதி தெரிஞ்சுபோச்சு. மீதியையும் கேட்டுக்கோங்க. பல வருஷத்துக்கு முன்னாடி ஹோல்ஸ்க்ரூப் ஊர்ல வட்டார இசை விழா. ஊர்வலம் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடாரத்துல பூசையில இருந்தாங்க. ட்யூபாக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமில்ல, வாயைத் தரையில கவுத்து புல்லுல நிக்க வச்சிருவாங்க. வென்டெலின் தன்னோடதை ஒரு பூ அலங்கார வண்டிக்குப் பின்னால நிழல்ல நிக்க வச்சார். அந்த வண்டியைக் கட்டின டிராக்டர் பின்பக்கமா நகர்ந்து வந்துச்சு. சக்கரம் ஏறிடுச்சு. பார்த்தது அவரும் நானும்தான். வண்டி ஓட்டினவங்க இறங்கி, என்னத்து மேல ஏத்தினேன்னு கேட்டாங்க. அதுக்குள்ள அவர் தன் கோட்டைக் கழட்டி மேல போட்டு மூடிட்டார். பீர் குடிக்கப் போட்ட பெஞ்சு, பரவாயில்ல போன்னுட்டார்."

"ஓட்டினது?"

"அதை நான் சொல்லணுமா?"

ஒட்டீலியா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பட்டை மட்டும்தான் தப்பிச்சுது," என்றாள் வால்ட்ராவுட். "இன்னொரு மாஸ்டர் ட்யூபாவுக்கு அவர் எங்க போவார், பால் விலை அப்படி. மலிவுச் சரக்குல சிலதை வரவழைச்சேன். இங்கதான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஊதினார். ஒண்ணுல கீழ் ஸி நல்லா இருந்துச்சு, ஆனா சூடேறினா ஒரு மாதிரி, ஆறினா ஒரு மாதிரி. அதை வேண்டாம்னார். இதை எடுத்தார். இது பொய் சொல்லுது, ஆனா எப்பவும் ஒரே பொய், இதோட குடித்தனம் நடத்தலாம்னார். பட்டையை மாத்திப் பத்த வச்சேன். ஊருக்குப் பழசை மெருகு போட்டேன்னு சொல்லிக்கிட்டோம். ஸென்ஸிக்குத் தெரியக்கூடாதுன்னார். சரின்னேன். அவர் செத்துட்டார்னு கொடுத்த வாக்கை மாத்திக்க முடியுமா?"

"மலிவு ட்யூபா வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது," என்றாள் ஒட்டீலியா. விலை மதிப்பிட்டவளின் பேச்சு அது.

அன்று மாலை ஸென்ஸி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வால்ட்ராவுட் மேல் குற்றமில்லை என்பதை ஒட்டீலியா சொன்னாள். உதட்டைப் பற்றிச் சொன்னாள். அசல் ட்யூபா ஒரு விழாவில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கியது என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"எந்த விழா?"

"ஹோல்ஸ்க்ரூப்."

கத்தி ஒரு உருளைக்கிழங்கைச் சுற்றி முடித்தது. அடுத்ததை எடுத்தது.

"பெஞ்சுக்கு நான் காசு கொடுத்துடறேன்னு சொன்னேன்," என்றாள் ஸென்ஸி. "வேண்டாம்னார். பழைய பெஞ்சுன்னார்."

கோர்பினியன் தானாகவே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து தோல் சீவ ஆரம்பித்தான். மோசமாகத்தான் சீவினான்.

ஞாயிறு பூசை முடிந்தது. தீயணைப்பு நிலைய மாடியில் பாண்டுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். மேசையில் சுடுநீர்ச் சட்டியில் வெள்ளைத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகு, பிரெட்செல் என்கிற முறுக்கு ரொட்டி. அந்த ஊர் வழக்கப்படி பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் அதைத் தின்று தீர்க்க வேண்டும் என்பதால் எல்லோர் கண்ணும் சட்டியில் இருந்தது. வால்ட்ராவுட் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. விஷயம் ஏற்கெனவே கசிந்திருந்தது, தவறான பாதி மட்டும்.

செபால்ட் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"ட்யூபா சம்பந்தமா கொஞ்சம் குழப்பம் ஆயிடுச்சு. அதாவது, யார் மேலயும் தப்புன்னு சொல்ல முடியாத மாதிரி..."

"சொல்லலாம்," என்றாள் ஸென்ஸி.

அவள் எழுந்து நின்றாள். குரல் எப்போதும் போலத் தட்டையாகத்தான் வந்தது.

"ட்யூபாவை மாத்தினது வால்ட்ராவுட் இல்லை. நான். ஹோல்ஸ்க்ரூப் விழாவுல பூ வண்டியைப் பின்னால எடுத்தப்ப வென்டெலினோட ட்யூபா மேல ஏத்திட்டேன். அவர் எனக்குத் தெரியாம மூடி மறைச்சார். இவ எனக்காகப் பட்டையைப் பத்த வச்சா, எனக்காகவே வாயை மூடிக்கிட்டா. நான் என்னடான்னா ஆள் வச்சு இவளைத் துப்பறிஞ்சேன். இத்தனை வருஷமா நீங்க கேட்டது மலிவு ட்யூபா. வித்தியாசம் கண்டுபிடிச்சவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அப்ப அவளுக்கு நாற்காலி போடுங்க."

மூன்று பேர் ஒரே சமயத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். வால்ட்ராவுட் ஸென்ஸி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், எல்லாம் வீண்," என்றாள்.

"நான் இறங்கி வந்தப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சு, ட்ராவுட்?"

"வெள்ளையா போயிருந்துச்சு. அப்புறம் நீ பெஞ்சுக்காகக் கவலைப்பட்டதும் சிரிச்சுட்டார்."

ஸென்ஸி தன் கையைப் பார்த்தாள். மேசை விளிம்பை அது இறுகப் பிடித்திருந்தது. யாரோ வேற்றாள் கையைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மரத்துப்போனது விட்டுருச்சு, வலிக்குது," என்றாள். வால்ட்ராவுட் அந்தக் கையின் மேல் தன் கருப்புக் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பன்னிரண்டு மணி அடித்தது. சட்டியில் மிச்சம் இருந்ததை அன்றைக்கு யாரும் தொடவில்லை, கோர்பினியனைத் தவிர.

மறுநாள் காலை செபால்ட் பட்டறை வாசலில் நின்றான், கையில் தன் கொம்போடு.

"பள்ளம் எடுக்கணும்," என்றான்.

வால்ட்ராவுட் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பள்ளமே இல்லையே."

செபால்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை, பாவம். வால்ட்ராவுட் மரச்சுத்தியலை எடுத்தாள். கொம்பின் வாயில் அளவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்ப இருக்கு. வியாழக்கிழமை வா."

அவ்வளவுதான், தங்கங்களா. எழுந்து போங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் ஒருவர் சறுக்கினால் இன்னொருவர் சத்தமில்லாமல் தாங்கிப் பிடிக்கட்டும். அடுப்பும் அணையாமல், பேச்சும் நிற்காமல், உங்கள் வாசலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உட்கார ஒரு நாற்காலி இருக்கட்டும். நன்றாக இருங்கள்.